எழுத்தாளரின் வாழ்க்கையையும் உங்களைப் பற்றியும் எழுதுவது எப்படி? பியாட்ரிக்ஸ் பாட்டரை வைத்து மாணவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பள்ளி ஆண்டு மலருக்கும் இலக்கிய மன்றப் போட்டிகளுக்கும் மாணவர்கள் எழுதித்தரும் எழுத்தாளர் வரலாறுகளில் பெரும்பாலானவற்றை இப்படிச் சுருக்கிவிடலாம்: இன்ன ஆண்டில், இன்ன ஊரில், இன்னாருக்குப் பிறந்தார்; இளமையிலேயே சிறந்து விளங்கினார்; பல நூல்களை எழுதினார்; இன்ன ஆண்டில் மறைந்தார். பெயரை மட்டும் மாற்றினால் இது யாருக்கும் பொருந்தும். அந்தக் கட்டுரையின் அடியில் வரும் மாணவரின் சுயஅறிமுகமும் அதே ரகம்தான். “எனக்குக் கதை வாசிப்பதும் எழுதுவதும் மிகவும் பிடிக்கும். சிறந்த எழுத்தாளராக வேண்டும் என்பது என் லட்சியம்.” வகுப்பில் நாற்பது பேர் இருந்தால் நாற்பது பேரும் இதில் கையெழுத்துப் போடலாம்.

இரண்டு குறைக்கும் மருந்து ஒன்றுதான். யாரும் கேட்காதபோது, மதிப்பெண்ணோ பணமோ வராதபோது அந்த மனிதர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று தேடுங்கள். எழுத்தாளரைப் பற்றி எழுதும்போது இந்தக் கேள்வியை அவரிடம் கேளுங்கள். சுயஅறிமுகம் எழுதும்போது உங்களிடமே கேளுங்கள். வழிகாட்டி முழுவதும் இந்த ஒரு கேள்வியின் மேல்தான் நிற்கிறது.

உதாரணத்துக்குப் பீட்டர் முயல் என்ற குழந்தைக் கதைப் பாத்திரத்தை உருவாக்கிய ஆங்கில எழுத்தாளர் பியாட்ரிக்ஸ் பாட்டரை எடுத்துக்கொள்கிறேன். காரணம் இருக்கிறது. அவர் ஏராளமாகக் கடிதம் எழுதியவர், நாட்குறிப்பு வைத்தவர், கண்டதையெல்லாம் வரைந்தவர். அதனால் “சிறந்து விளங்கினார்” என்று பூசி மெழுக வேண்டிய தேவையே அவர் விஷயத்தில் வராது.

முதல் படி: காலவரிசையைத் தனித்தாளில் எழுதுங்கள், அதைக் கட்டுரை என்று நினைத்துவிடாதீர்கள்

ஒரு தாளை மூன்று பத்தியாகக் கோடு போட்டுப் பிரியுங்கள். முதல் பத்தியில் ஆண்டு, இரண்டாவதில் நடந்தது, மூன்றாவதில் அதற்கு என்ன ஆதாரம் என்பது. பாட்டருக்கு இந்தத் தாள் ஏறக்குறைய இப்படி நிரம்பும்.

1866 ஜூலை 28-ல் லண்டனின் தென் கென்சிங்டன் பகுதியில் பிறந்தார். தந்தை ரூபர்ட் வழக்கறிஞருக்குப் படித்தவர். ஆனால் குடும்பத்தின் பணம் தாத்தா நடத்திய பருத்தித்துணி அச்சுத் தொழிலில் இருந்து வந்தது. தம்பி பெர்ட்ரம் 1872-ல் பிறந்தார். பாட்டர் பள்ளிக்கூடம் போகவே இல்லை. வீட்டுக்கு வந்த ஆசிரியைகளிடம் கற்றார். 1881-ல் தொடங்கி 1897 வரை நாட்குறிப்பு. 1890-ல் வாழ்த்து அட்டைகளுக்கு முயல் படங்களை விற்றுப் பெற்ற முதல் வருமானம். 1893-ல் ஒரு கடிதம். 1897-ல் காளான் ஆய்வுக் கட்டுரை. 1901-ல் சொந்தச் செலவில் முதல் புத்தகம், 1902-ல் அதே புத்தகம் பதிப்பகத்தின் வழியாக. 1905-ல் திருமண நிச்சயம், மாப்பிள்ளையின் மரணம், பண்ணை வாங்கியது மூன்றும். 1913-ல் திருமணம். 1943 டிசம்பர் 22-ல் மறைவு.

மூன்றாவது பத்திக்குத்தான் உழைப்பு அதிகம். இணையத்தில் ஒரு பக்கத்தில் இருந்து இன்னொரு பக்கம் நகலெடுத்த தகவல் பத்து இடத்தில் வந்திருந்தாலும் அது ஒரே ஆதாரம்தான். எழுத்தாளரின் கடிதம், நாட்குறிப்பு, அவரைத் தெரிந்தவர் எழுதியது, அருங்காட்சியகத்தில் இருக்கும் பொருள் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றைக் காட்ட முடிந்தால் அந்த வரி உறுதியானது. மூன்றாவது பத்தி காலியாகவே இருக்கும் தகவலைக் கட்டுரையில் சேர்க்காதீர்கள்.

இரண்டாம் படி: யாரும் கேட்காத வேலையைக் கண்டுபிடியுங்கள்

இப்போது அந்தத் தாளை மறுபடி வாசியுங்கள். எந்த வரியில் ‘இதை ஏன் செய்தார்?’ என்று உங்களுக்கே தோன்றுகிறதோ, அதை அடிக்கோடிடுங்கள்.

பாட்டர் விஷயத்தில் என் பேனா முதலில் நிற்பது நாட்குறிப்பில். பதினைந்து வயதில் தொடங்கி முப்பது வயது வரை, தானே உருவாக்கிய ரகசிய எழுத்தில் எழுதினார். வீட்டில் யாரும் படித்துவிடக் கூடாது என்பதற்காக மட்டும் இருக்கலாம். எழுதிப் பழகுவதற்காகவும் இருக்கலாம். அவர் உயிரோடு இருந்தவரை அது யாருக்கும் புரியவில்லை. 1958-ல் லெஸ்லி லிண்டர் என்பவர் ஒரு பக்கத்தில் ரோமன் எண் பதினாறும் 1793 என்ற ஆண்டும் அருகருகே இருப்பதைப் பார்த்தார். பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயி அந்த ஆண்டில்தான் கொல்லப்பட்டார். அதைப் பிடித்துக்கொண்டு மற்ற எழுத்துகளை அவிழ்த்தார். 1966-ல், பாட்டர் பிறந்து நூறு ஆண்டு ஆனபோது, நாட்குறிப்பு அச்சில் வந்தது. வாசகரே இல்லாமல் பதினைந்து ஆண்டுக்கு மேல் எழுதிய ஒருவரைப் பற்றி ‘இளமையிலேயே எழுத்தார்வம் மிக்கவர்’ என்று எழுதுவது அநியாயம். நடந்ததைச் சொன்னாலே போதும்.

அடுத்தது விலங்குகள். பாட்டரும் தம்பியும் மாடியில் இருந்த தங்கள் அறையில் முயல், எலி, முள்ளெலி, வௌவால், தவளை என்று வளர்த்தார்கள். செத்துப்போனால் அடக்கம் செய்து அழுததோடு விடவில்லை. சிலவற்றை வேகவைத்து எலும்புக்கூட்டைப் பிரித்து வரைந்தார்கள். பெரியவர்கள் சிலர் இந்தத் தகவலைக் குழந்தைகளுக்கான கட்டுரையில் இருந்து நீக்கிவிடச் சொல்வார்கள். நீக்காதீர்கள். பீட்டர் முயல் கோட்டுப் போட்டுக்கொண்டு நடந்தாலும் அதன் முழங்கால் முயலின் முழங்காலாகவே மடங்குவதற்குக் காரணம் அந்த எலும்புக்கூடுதான். பீட்டரின் அப்பாவைத் தோட்டக்காரரின் மனைவி ‘பை’ (pie) என்ற மாவுப் பண்டத்துக்குள் வைத்துச் சுட்டுவிட்டாள் என்று கதையின் முதல் பக்கங்களிலேயே அம்மா முயல் சர்வசாதாரணமாகச் சொல்வதும் அங்கிருந்துதான் வருகிறது.

மூன்றாவது, காளான். ஸ்காட்லாந்தின் டன்கெல்ட் பகுதியில் சார்லஸ் மெக்கின்டாஷ் என்ற தபால்காரர் இருந்தார். நடந்து நடந்து கடிதம் கொடுத்தவர். வழியெல்லாம் செடிகொடிகளைப் பார்த்துப் பார்த்துத் தாமாகவே இயற்கை அறிஞர் ஆனவர். பாட்டர் வரைந்த காளான் படங்களைத் திருத்தியவர் அவர். நுண்ணோக்கியின் அடியில் காளான் வித்துகள் முளைப்பதைப் பாட்டர் பார்த்து வரைந்தார்.

மூன்றாம் படி: அழகாக இருக்கும் கதைகளைச் சந்தேகப்படுங்கள்

காளான் விஷயத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். “பெண் என்பதால் உலகையே மாற்றியிருக்கக்கூடிய அவரது கண்டுபிடிப்பை அறிவியல் உலகம் தூக்கி எறிந்தது” என்று எழுதிவிடுகிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. உறுதியாகத் தெரிவது இவ்வளவு: காளான் வித்துகள் முளைப்பது பற்றிய அவரது கட்டுரை 1897 ஏப்ரல் 1 அன்று லண்டன் லின்னேயன் சொசைட்டி என்ற இயற்கை ஆய்வுச் சங்கத்தின் கூட்டத்தில் முன்வைக்கப்பட்டது. அந்தச் சங்கத்தின் கூட்டங்களில் அப்போது பெண்களுக்கு இடமில்லை என்பதால், கியூ தாவரவியல் பூங்காவைச் சேர்ந்த ஜார்ஜ் மாஸி அதை எடுத்துச் சென்றார். பிறகு கட்டுரை திரும்பப் பெறப்பட்டது, அச்சேறவில்லை. அதன் பிரதி இன்று கிடைக்கவும் இல்லை. பாட்டர் நடத்தப்பட்ட விதம் சரியில்லை என்று அந்தச் சங்கம் நூறு ஆண்டு கழித்து 1997-ல் ஒப்புக்கொண்டது.

பிரதியே இல்லாத கட்டுரை உலகை மாற்றியிருக்கும் என்று நாம் எப்படிச் சொல்வது? தன் கட்டுரை பேசப்பட்ட அறைக்குள் அதை எழுதியவரால் நுழைய முடியவில்லை என்பதை நேராகச் சொன்னாலே வாசகருக்குச் சுடும். மிகைப்படுத்தினால் சூடு குறைகிறது.

நான்காம் படி: கட்டுரையை எங்கே தொடங்குவது

பிறந்த தேதியில் தொடங்காதீர்கள். வாழ்க்கை திரும்பிய ஒரு நாளில் தொடங்குங்கள். பிறப்பும் பெற்றோரும் கட்டுரையின் இரண்டாம் பத்தியில் தாமாக வந்து உட்காரும்.

பாட்டருக்கு அந்த நாள் 1893 செப்டம்பர் 4. இருபத்தேழு வயது. திருமணம் ஆகவில்லை, பெற்றோரோடு டன்கெல்ட்டில் விடுமுறை. அவருக்கு முன்பு பாடம் சொல்லிக்கொடுத்த ஆனி மூரின் மகன் நோயல், ஐந்து வயதுச் சிறுவன், லண்டனில் உடம்பு சரியில்லாமல் படுத்திருந்தான். அவனுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார். என்ன எழுதுவதென்று தெரியவில்லை, அதனால் நான்கு முயல் குட்டிகளின் கதையைச் சொல்கிறேன் என்று கடிதத்திலேயே எழுதினார்; அந்த நான்கில் ஒன்றுதான் பீட்டர்; நடுநடுவே பேனாவால் சின்னச் சின்னப் படங்கள். மறுநாள் நோயலின் தம்பிக்கு ஒரு தவளையின் கதை. இரண்டு நாளில் பின்னாளைய இரண்டு புத்தகங்களுக்கு விதை விழுந்துவிட்டது. எழுதியவருக்கு அது அப்போது தெரியாது.

இதை நீங்கள் எழுதும்போது ஒரு எச்சரிக்கை. “மேசை விளக்கின் மங்கிய ஒளியில், ஜன்னலுக்கு வெளியே மழை பெய்துகொண்டிருக்க…” என்று ஆரம்பிக்கக் கை பரபரக்கும். அன்று மழை பெய்ததா என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாததை எழுதினால் அது சிறுகதை. தேதி, இடம், வயது, நோயாளிச் சிறுவன், என்ன எழுதுவதென்று தெரியாத ஒரு பெண். காட்சிக்கு இவையே தாராளம்.

ஐந்தாம் படி: ஒரே ஓர் இடத்தில் நிதானமாக நில்லுங்கள்

எழுபத்தேழு ஆண்டு வாழ்க்கையை நான்கு பக்கத்தில் சமமாகப் பங்கு போட்டால் எதுவும் மனதில் நிற்காது. ஓரிடத்தில் ஒன்றரைப் பக்கம் நில்லுங்கள். மற்ற இடங்களை இரண்டு வரியில் கடந்துவிடுங்கள். நான் நிற்கும் இடம், கடிதம் புத்தகமான கதை.

1900-ல், கடிதம் எழுதி ஏழு ஆண்டுக்குப் பிறகு, இதைப் புத்தகமாக்கலாம் என்று பாட்டருக்குத் தோன்றியது. நோயல் அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருந்தான். இரவல் வாங்கி, படியெடுத்து, விரித்து எழுதி, பதிப்பகங்களுக்கு அனுப்பினார். குறைந்தது ஆறு பதிப்பகங்கள் வேண்டாம் என்றன. சிலருக்குப் புத்தகம் பெரிதாக வேண்டும் என்று ஆசை. பாட்டர் மசியவில்லை. குழந்தையின் கைக்கு அடங்குகிற அளவு இருக்க வேண்டும். ஒரு ஷில்லிங்குக்கு (அன்றைய ஆங்கில நாணயம்) மேல் விலை வைக்கக் கூடாது. ஆறு ஷில்லிங்குக்கு ஒரு பெரிய புத்தகம் போடுவதைவிட ஒரு ஷில்லிங்குக்கு இரண்டு மூன்று சின்னப் புத்தகம் போடுவேன் என்பது அவர் கணக்கு. 1901 டிசம்பரில் சேமிப்பில் இருந்து எடுத்து 250 பிரதி அச்சிட்டார். முகப்புப் படம் தவிர மற்றப் படங்கள் கறுப்பு வெள்ளை. அவை தீர்ந்துபோய், சில வாரங்களில் மேலும் 200 பிரதி அச்சிட வேண்டி வந்தது. முன்பு மறுத்த பதிப்பகங்களில் ஒன்றான ஃபிரெடெரிக் வார்ன், படங்களுக்கு வண்ணம் தீட்டித் தந்தால் வெளியிடுகிறோம் என்று வந்தது. 1902 அக்டோபரில் புத்தகம் கடைக்கு வந்தது. அடுத்த ஆண்டே பீட்டர் முயல் பொம்மை ஒன்றைத் தானே தைத்துப் பதிவு செய்தார். கோட்டுப் போட்ட முயலை வரைந்த அம்மையார் கணக்கு வழக்கில் கறார்.

இந்தப் பகுதியில் எத்தனை எண்கள் வந்தன பாருங்கள். ஒவ்வொன்றும் பாட்டரின் குணத்தைச் சொல்கிறது. ஷில்லிங் விலை அவருடைய வாசகர் யார் என்று சொல்கிறது. 250 அவருடைய துணிச்சலின் அளவைச் சொல்கிறது. குணத்தைச் சொல்லாத எண்ணைத் தயங்காமல் வெட்டுங்கள்.

ஆறாம் படி: துயரத்தைக் கண்ணீர் இல்லாமல் எழுதுங்கள்

வார்ன் நிறுவனத்தில் பாட்டரின் புத்தகங்களைக் கவனித்தவர் நார்மன் வார்ன். 1905 ஜூலையில் திருமணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டார். பாட்டர் சம்மதித்தார். பெற்றோர் சம்மதிக்கவில்லை, மாப்பிள்ளை வணிகக் குடும்பம் என்பது காரணம். அந்தப் பெற்றோர் உட்கார்ந்து சாப்பிட்ட சொத்தே துணி வணிகத்தில் வந்தது. ஒரு மாதத்தில், ஆகஸ்ட் 25 அன்று, நார்மன் ரத்தப் புற்றுநோயால் இறந்தார். அவருக்கு வயது 37. அதே ஆண்டின் கடைசியில் பாட்டர் வடமேற்கு இங்கிலாந்தில் ஏரிகளும் மலைகளும் நிறைந்த லேக் டிஸ்ட்ரிக்ட் பகுதியில் நியர் சாரி என்ற கிராமத்தில் ஹில் டாப் பண்ணையை வாங்கினார்.

இங்கே “இதயம் நொறுங்கியது”, “கண்ணீர்க் கடலில் மூழ்கினார்” எதுவும் வேண்டாம். மூன்று செய்திகளையும் அடுத்தடுத்து வைத்துவிட்டு விலகிக்கொள்ளுங்கள். வாசகர் பார்த்துக்கொள்வார்.

பின்பகுதியைச் சுருக்கமாகவே முடிக்கலாம். நிலம் வாங்கும் விவகாரங்களில் உதவிய உள்ளூர் வழக்கறிஞர் வில்லியம் ஹீலிஸை 1913-ல், 47 வயதில் மணந்தார். அதன் பிறகு புத்தகம் குறைந்தது, ஆடு கூடியது. ஹெர்ட்விக் என்ற மலைச் செம்மறி இனத்தை வளர்ப்பதில் பேர் பெற்றார். ஊரில் அவர் திருமதி ஹீலிஸ். இறந்தபோது 4,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தையும் பதினான்கு பண்ணைகளையும், இயற்கை இடங்களையும் பழைய கட்டடங்களையும் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்கு எழுதிவைத்தார். கட்டுரையை இந்த நிலத்தோடு முடித்தால் போதும். “மறைந்தாலும் நம் நெஞ்சில் வாழ்கிறார்” என்ற வரி எல்லா எழுத்தாளருக்கும் ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது.

நம் ஊர் எழுத்தாளரை எடுப்பவர்களுக்கும் இதே முறைதான். ராயவரத்தில் 1922-ல் பிறந்த அழ. வள்ளியப்பாவை எடுத்தால், ‘குழந்தைக் கவிஞர்’ என்ற பட்டத்தில் தொடங்காமல், பகலெல்லாம் வங்கியில் வேலை பார்த்த மனிதர் குழந்தைகளுக்குப் பாட்டெழுத நேரம் கண்டுபிடித்தார் என்பதில் தொடங்கிப் பாருங்கள்.

ஏழாம் படி: இப்போது உங்கள் முறை

சுயஅறிமுகம் என்றதும் மாணவர்கள் வாங்கிய பரிசுகளைப் பட்டியலிடுகிறார்கள். பரிசு என்பது மற்றவர்கள் உங்களைப் பற்றிச் சொன்னது. அதைக் கடைசியில் ஒரு வரியாக வைத்துக்கொள்ளலாம், வைக்காமலும் விடலாம். முதலில் இந்தக் கேள்விகளுக்குத் தாளில் பதில் எழுதுங்கள். ஆசிரியரோ பெற்றோரோ சொல்லாமல் நீங்களாக என்ன எழுதியிருக்கிறீர்கள், எங்கே எழுதினீர்கள்? எந்த இடத்தில் அதிக நேரம் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பீர்கள்? முதல் வாசகர் யார்? பாட்டருக்கு அது நோயல். உங்களுக்குத் தங்கையாகவோ பக்கத்து வீட்டுப் பாட்டியாகவோ இருக்கலாம். எழுத்தில் உங்களுக்கு எது வரும், எது வராது?

கடைசிக் கேள்வியைப் பலரும் தவிர்க்கிறார்கள். என்னைக் கேட்டால் அதில்தான் உயிர் இருக்கிறது. வராததைச் சொல்லும் மாணவர், வருவதைப் பற்றிச் சொல்லும்போது நம்பத் தோன்றுகிறது.

பதில்களில் இருந்து ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதக்கூடிய அறிமுகம் ஒன்றை மாதிரிக்குத் தருகிறேன்:

“தென்காசி மாவட்டத்தில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். எங்கள் தெருவில் ஒரு மாவு மில் இருக்கிறது. அரைக்கக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் பெண்கள் பேசிக்கொள்வதைக் கேட்டுவந்து, பழைய கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைப்பேன். ஆறாம் வகுப்பில் தொடங்கிய பழக்கம். எழுதியதை முதலில் என் அத்தையிடம்தான் வாசித்துக் காட்டுவேன். ‘அவள் அப்படிச் சொல்லியிருக்க மாட்டாளே’ என்று திருத்துவார். இந்த இதழில் வந்திருக்கும் கதை அந்த நோட்டில் இருந்து எடுத்தது. ஆட்கள் பேசுவதை எழுத வரும். மலையையும் சாரலையும் வர்ணிக்க இன்னும் வரவில்லை, குற்றாலத்துக்குப் பக்கத்திலேயே இருந்தும்.”

‘ஆர்வம்’, ‘லட்சியம்’ என்ற சொற்களே இதில் இல்லை. ஆனாலும் இவள் எழுதுகிறவள் என்பதில் யாருக்கும் ஐயம் வராது.

எட்டாம் படி: இடத்துக்குத் தக்க அளவு

இதே அறிமுகத்தை மூன்று அளவில் தயாராக வைத்திருங்கள். இதழில் கதையின் அடியில் போடுவதற்கு இரண்டு வரி போதும், அது படர்க்கையில் இருப்பதே வழக்கம்: “ஒன்பதாம் வகுப்பு மாணவி. மாவு மில்லில் கேட்ட பேச்சுகளைக் கதையாக்குகிறார்.” போட்டிக்கு அனுப்பும்போது மேலே உள்ள முழு அறிமுகத்தை அனுப்பலாம். மேடையில் பேசுவதாக இருந்தால் எழுதியதை வாய்விட்டு வாசித்து நேரம் பாருங்கள். மூச்சு முட்டும் வாக்கியத்தை இரண்டாக உடையுங்கள். மேடையில் “அனைவருக்கும் வணக்கம்” என்றதும் நேராக மாவு மில்லுக்குப் போய்விடுங்கள். தலைமை தாங்குவோர் முதல் ஒலிபெருக்கி அமைத்தவர் வரை விளித்து முடிப்பதற்குள் கூட்டம் பாதி தூங்கிவிடும்.

வீட்டு முகவரி, தொலைபேசி எண், எந்த நேரத்தில் எந்த வழியாக டியூஷன் போவீர்கள் போன்றவை அறிமுகத்தில் வேண்டவே வேண்டாம். மாவட்டமும் வகுப்பும் போதும். அத்தையைப் பற்றி எழுதினால் அச்சுக்குக் கொடுக்கும் முன் அத்தையிடம் காட்டிவிடுங்கள்.

அனுப்பும் முன் ஒரு சோதனை

எழுத்தாளர் கட்டுரையில் அவர் பெயர் வரும் இடங்களையெல்லாம் விரலால் மறைத்து ஒரு நண்பரிடம் வாசித்துக் காட்டுங்கள். இது யார் என்று அவருக்குத் தெரியாவிட்டாலும், இது வேறு யாராகவும் இருக்க முடியாது என்று அவருக்குத் தோன்ற வேண்டும். எந்த வரிகள் வேறு எழுத்தாளருக்கும் பொருந்துகின்றன என்று கேட்டு, அவற்றை அடியுங்கள். சுயஅறிமுகத்தையும் இதேபோல் வகுப்பில் நான்கைந்து பேருடையதோடு கலந்து, பெயரில்லாமல் ஒருவரிடம் கொடுங்கள். உங்களுடையதை அவர் எடுத்துவிட்டால் அனுப்பலாம். எடுக்க முடியவில்லை என்றால் ஏழாம் படியின் கேள்விகளுக்கு இன்னொரு முறை, இன்னும் சின்னச் சின்ன விவரங்களோடு பதில் எழுதுங்கள்.

பிறகு ஆண்டுகளையும் பெயர்களையும் அந்த மூன்று பத்தித் தாளோடு ஒத்துப் பாருங்கள். தாளைக் கிழித்துப் போடாதீர்கள், “இது எங்கிருந்து கிடைத்தது?” என்று இதழாசிரியர் கேட்டால் எடுத்துக் காட்ட வேண்டியிருக்கும்.